ஹரல்ட் லஸ்கியின் வாழ்க்கையை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவது எப்படி?

உயர்தர அரசறிவியல் கொப்பிகளில் பிரித்தானிய அரசறிவியலாளர் ஹரல்ட் லஸ்கி இரண்டு வரியோடு முடிந்துபோகிறார்: பன்மைவாதி, இறைமை அரசிடம் மட்டும் குவிந்திருப்பதை மறுத்தவர். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு புகையிரத நிலையக் குண்டு, ஒரு பொலிஸ் வேலைநிறுத்தம், இரண்டு மானநட்ட வழக்குகள், ஒரு பிரதமரின் கண்டிப்பான கடிதம் எல்லாம் கிடக்கின்றன. பாடசாலை மலருக்கோ, சனசமூக நிலைய ஆண்டிதழுக்கோ, பல்கலைக்கழக ஒப்படைக்கோ அவரைப் பற்றி 2000 சொற்களில் எழுத நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. வகுப்பறையையும் அரசியல் மேடையையும் கடைசிவரை ஒன்றாகவே சுமந்தவர் அவர். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எழுதினால் ஆள் பிடிபடமாட்டார்.

முதலில் மூன்று நிரல்

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, விரித்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூன்று நிரலாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் படிப்பும் கற்பித்தலும், வலப்பக்கம் அரசியல். ஒரு வசனம்கூட எழுதுவதற்கு முன்பே இதை நிரப்பி முடிக்க வேண்டும்.

நடு நிரல் இப்படிப் போகும். 1893 ஜூன் 30, மான்செஸ்டரில் பிறப்பு. தந்தை நேதன் லஸ்கி பருத்தி வணிகர், அந்நகர யூத சமூகத்தின் பெரிய மனிதர். மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல். 1911இல் லண்டனில் கார்ல் பியர்சனிடம் சில மாதம் மரபியல் சார்ந்த படிப்பு. பிறகு ஒக்ஸ்போர்டின் நியூ கொலிஜ், 1914இல் பட்டம். அதே ஆண்டு மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1916இல் அங்கிருந்து ஹார்வர்ட், 1920 வரை. 1920இல் லண்டன் ஸ்கூல் ஒஃப் இக்கொனொமிக்ஸ். 1926இல் கிரஹம் வொலஸுக்குப் பின் அங்கேயே அரசறிவியல் பேராசிரியர். போர்க்காலத்தில் அந்த நிறுவனம் கேம்பிரிஜுக்கு இடம்பெயர்ந்தபோது கற்பித்தலும் கூடவே போனது. 1950 மார்ச் 24, மரணம். வயது 56. அன்றும் பேராசிரியர் பதவியில்தான் இருந்தார்.

வலது நிரல்: 1913, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஒரு நண்பரோடு சேர்ந்து ஒக்ஸ்டெட் புகையிரத நிலையக் கழிப்பறையில் குண்டு வைத்தது, சேதம் சிறிது. 1919, பொஸ்டன் பொலிஸ் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. 1922 முதல் 1936 வரை, படிப்படியாகச் சோசலிசம் கொண்டுவர முனைந்த ஃபேபியன் சங்கத்தின் நிறைவேற்றுக் குழு. 1936, விக்டர் கொலான்ஸ், ஜோன் ஸ்ட்ரேச்சி ஆகியோருடன் இடதுசாரிப் புத்தகக் கழகம். 1937 முதல் 1949 வரை பிரித்தானியத் தொழிற் கட்சியின் தேசிய நிறைவேற்றுக் குழு. 1945–46இல் அதன் தவிசாளர்.

1911ஆம் ஆண்டு வரிசையில் ஒரு திருமணமும் உண்டு. பதினெட்டு வயதில், தன்னைவிட மூத்தவரான, யூதரல்லாத ஃப்ரீடா கெரியை மணந்தார். வீட்டில் பெரும் எதிர்ப்பு. இதை எந்த நிரலில் போடுவது என்று தடுமாறாதீர்கள். இரண்டுக்கும் குறுக்கே எழுதுங்கள். ஃப்ரீடாவும் பெண்ணுரிமைக்காக உழைத்தவர்; வாக்குரிமைப் போராட்டத்தை அவரை விட்டுவிட்டு எழுதினால் அரைகுறையாகவே இருக்கும்.

நிரப்பி முடித்தபின் நடு நிரலும் வலது நிரலும் ஒரே ஆண்டில் முட்டும் இடங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். 1919, 1945, 1946 நிச்சயம் வரும். கட்டுரையின் எடை இந்த வட்டங்களில் விழ வேண்டும். பிறப்பு, பள்ளி, பட்டம் எல்லாவற்றுக்கும் 250 சொல் போதும். நம்மவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் பாதி இடம் குலம், கல்லூரி, பரிசு என்றே போய்விடுகிறது. லஸ்கி விடயத்தில் அந்தப் பழக்கம் பெரிய நட்டம்.

1919ஐ எழுதும்போது வழுக்கும் இடம்

தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேரக்கூடாது என்று பொலிஸ் ஆணையாளர் தடுத்ததால், 1919 செப்டெம்பரில் பொஸ்டன் நகரப் பொலிஸார் 1,544 பேரில் 1,117 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். இருபத்தாறு வயது விரிவுரையாளர் ஒருவர், அதுவும் வெளிநாட்டவர், அவர்கள் பக்கம் வெளிப்படையாகப் பேசினார். பழைய மாணவர்களும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தார்கள். 1920 ஜனவரியில் ஹார்வர்ட் மாணவர்களின் நகைச்சுவை இதழ் ஒரு முழு இதழையே அவரை இழிவுபடுத்த ஒதுக்கியது. யூத வெறுப்பு அதில் ஒளிவுமறைவின்றி இருந்தது.

இதற்குப் பிறகு "எனவே ஹார்வர்ட் அவரை வேலைநீக்கம் செய்தது" என்று எழுதிவிடத் தோன்றும். அது பிழை. பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் லஸ்கியின் கருத்தை ஏற்காதவர், ஆனாலும் பேச்சுரிமைக்காக அவரைக் காத்து நின்றார். லஸ்கி 1920இல் தானாகவே லண்டன் வேலையை ஏற்றுக்கொண்டு புறப்பட்டார். "அங்கே அவருக்கு இனி உயர்வில்லை என்ற நிலை வந்தது, லண்டன் அழைத்தது, போனார்" என்ற அளவில் எழுதினால் சரி. துரத்தப்பட்ட வீரர் என்ற படம் வாசகருக்குப் பிடிக்கும்தான், ஆனால் லோவெலுக்கு அது அநியாயம்.

தேடும் இடங்கள்

தமிழில் அவர் பெயர் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. லஸ்கி, லாஸ்கி, லாஸ்க்கி. ஹரல்ட், ஹெரல்ட், ஹரால்ட். நூலகம் இணையத் தளத்தில் தேடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பழைய ஈழகேசரி இதழ்களைப் புரட்டுவதானால் தலைப்பில் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். அக்கால வெளிநாட்டுச் செய்திகள் சிறு பத்திகளாகத்தான் வரும். 1945 ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும், 1950 மார்ச் கடைசியும் ஏப்ரல் முதலும் பார்க்க வேண்டிய காலங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம், திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி நூலகம் ஆகியவற்றில் முதலில் விசாரியுங்கள். டூயி தசமப் பகுப்பு நடைமுறையில் உள்ள எந்த நூலகத்திலும் அரசு, இறைமை பற்றியவை 320.1இல், கட்சிகளும் தேர்தலும் 324இல், பாராளுமன்றம் 328இல், இருபதாம் நூற்றாண்டு பிரித்தானிய வரலாறு 941.08இல் இருக்கும். தட்டில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். உசாத்துணைப் பகுதியில் கேளுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் இரவலுக்கு விடப்படாமல் அங்கே வைக்கப்பட்டிருக்கலாம். 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பழைய ஆங்கில அரசியல் நூல்களும் போய்விட்டன என்பதை மனதில் வைத்து, மற்ற இரு இடங்களையும் கட்டாயம் பாருங்கள்.

இணையம் வழியாகவும் நல்ல வசதி உண்டு. லஸ்கி 1950இல் இறந்ததால், ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற பதிப்புரிமைக் காலம் 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. அவர் எழுதியவற்றின் வருடிய படிகள், குறிப்பாக இந்திய நூலகங்களில் எடுத்தவை, இணைய ஆவணக்காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கியவுடன் பெயர்ப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எந்தப் பதிப்பு என்பது இந்த மனிதர் விடயத்தில் உயிர்நாடி. 1925இல் வந்த அவருடைய அரசியல் இலக்கண நூலுக்கு 1938இல் ஒரு புதிய முன் அத்தியாயம் சேர்த்தார். அந்த அத்தியாயம் மார்க்சியத்தை நெருங்கிய லஸ்கியுடையது, உள்ளே இருக்கும் மீதிப் புத்தகம் பன்மைவாதி லஸ்கியுடையது. 1938க்குப் பிந்திய படியைக் கையில் வைத்துக்கொண்டு, முன் அத்தியாயத்திலிருந்து ஒரு வரியை எடுத்து "1925இல் லஸ்கி சொன்னார்" என்று எழுதிய கட்டுரைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு.

அவர் சொன்னதை எவ்வளவு நம்புவது

அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸுக்கும் லஸ்கிக்கும் 1916இல் தொடங்கிய கடிதத் தொடர்பு, 1935இல் ஹோம்ஸ் இறக்கும்வரை நீடித்தது. தொடங்கும்போது ஒருவருக்கு 75 வயது, மற்றவருக்கு 23. அந்தக் கடிதங்கள் 1953இல் இரண்டு தொகுதிகளாக வந்தன. வாசிக்க வாசிக்க விடமுடியாத எழுத்து அது. ஆனால் லஸ்கிக்குக் கதையை ஊதிப் பெருப்பிக்கும் பழக்கம் இருந்தது. சந்திக்காத ஆட்களைச் சந்தித்ததாகவும், பெரியவர்கள் தன்னிடம் மட்டும் மனம் திறந்ததாகவும் எழுதிவிடுவார். அவரை நேசித்த நண்பர்களே இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே கொப்பியில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். பதவி நியமனம், நீதிமன்றத் தீர்ப்பு, கட்சி அறிக்கை போன்ற ஆவணம் இருந்தால் "ஆ". அவர் கடிதத்தில் மட்டும் இருந்தால் "க". மாணவரோ நண்பரோ பின்னாளில் சொன்னால் "பி". "ஆ" குறித்ததை நேராக எழுதலாம். "க" குறித்ததை "என்று ஹோம்ஸுக்கு எழுதினார்" என்று முடியுங்கள். "பி" இரண்டு வேறு ஆட்களிடமிருந்து வராவிட்டால் விடுங்கள். இந்த மூன்று எழுத்து வேலைக்கு ஒரு பின்னேரம்கூடச் செலவாகாது, ஆனால் கட்டுரையின் மானத்தைக் காப்பது அதுதான்.

"சமஷ்டி" என்ற சொல்லில் நாம் விழும் குழி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர் மிகவும் நிதானமாகக் கடக்க வேண்டிய இடம் இது. சமுதாயம் சமஷ்டித் தன்மை கொண்டது, ஆகவே அதிகாரமும் சமஷ்டித் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்பது லஸ்கியின் இளமைக்காலக் கருத்து. தமிழரசுக் கட்சி 1949 டிசெம்பரில் தொடங்கியதிலிருந்து சமஷ்டி என்ற சொல் காதில் விழுந்தாலே நமக்கு மனதில் வருவது வடக்கு கிழக்கு. உடனே "லஸ்கி அன்றே நமக்காகப் பேசியிருக்கிறார்" என்று எழுதிவிடுகிறோம்.

அவர் அங்கே பேசியது நிலப்பரப்புகளைப் பற்றி மட்டுமல்ல. திருச்சபை, தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், தொழில்சார் அமைப்பு ஆகியவையும் மனிதனின் விசுவாசத்துக்கு உரிமை கொண்டாடுகின்றன, அரசு அவற்றில் ஒன்று மட்டுமே என்பதுதான் 1917, 1919ஆம் ஆண்டு நூல்களின் வாதம். பாடத்தில் விளக்க நம்மூர் உதாரணம் வேண்டுமானால் மாகாண எல்லையைக் காட்டாதீர்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தைக் காட்டுங்கள். ஒரு சீவல் தொழிலாளி சங்க அங்கத்தவர், கோயில் உபயகாரர், கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காரர், குடிமகன், நான்குமாக இருக்கிறார். நான்கில் எது எப்போது அவரைக் கட்டுப்படுத்தலாம் என்பதே லஸ்கியின் கேள்வி.

அதைவிட முக்கியமாக, 1939இல் அமெரிக்க இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை சமஷ்டி முறையே காலாவதியாகிவிட்டது என்று வாதிட்டது. பெரும் முதலாளித்துவ நிறுவனங்கள் நாடு முழுவதும் பரந்திருக்கையில், துண்டு துண்டான மாநில அரசுகள் அவற்றைக் கட்டுப்படுத்தப் போதிய பலம் இல்லாதவை என்பது அவர் சொன்ன காரணம். 1917இன் லஸ்கியை மேற்கோள் காட்டி 1939இன் லஸ்கியை மறைப்பது நேர்மையான எழுத்தாகாது. நமது கோரிக்கைக்கு நியாயம் நிறைய இருக்கிறது. அதற்கு லஸ்கியிடம் பொய்ச்சாட்சி வாங்கத் தேவையில்லை.

மாறியதற்குக் காரணமும் எழுத வேண்டும். 1931 ஓகஸ்டில் தொழிற் கட்சிப் பிரதமர் ரம்சே மக்டொனால்ட் தன் கட்சியை விட்டு, பழமைவாதிகளோடு சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தார். பணம் படைத்தவர்கள் தேர்தல் முடிவை அமைதியாக ஏற்றுக்கொள்வார்களா என்ற சந்தேகம் அன்றிலிருந்து லஸ்கியை விடவில்லை. ஜெர்மனியில் 1933இல் நடந்தது அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இந்தப் பத்தி இல்லாமல் "பின்னர் மார்க்சியரானார்" என்று ஒரே வரியில் தாண்டினால், சட்டை மாற்றியவர் போலத் தெரிவார்.

இரண்டு நீதிமன்றங்கள்

கட்டுரையில் நெருக்கமாகக் காட்ட இரண்டு காட்சி போதும். இரண்டும் லண்டன் நீதிமன்றத்தில், இரண்டும் மானநட்ட வழக்கு.

முதலாவது 1924. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சேர் சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்த கொடுமைகளுக்கு அதன் முன்னாள் துணை ஆளுநர் மைக்கேல் ஓட்வயரைப் பொறுப்பாக்கி எழுதியிருந்தார். ஓட்வயர் வழக்குப் போட்டார். ஜூரி 12 பேரில் ஒருவர் லஸ்கி. ஜலியான்வாலா பாக்கில் சுட்ட ஜெனரல் டயர் செய்தது சரியே என்று நீதிபதி மக்கார்டி ஜூரிக்கு முன்னாலேயே சொன்னார். 11 பேர் ஓட்வயர் பக்கம் போனார்கள். ஒருவர் போகவில்லை. ஜூரிகள் ஒருமித்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலகி, பெரும்பான்மைத் தீர்ப்பை ஏற்க இரு தரப்பும் உடன்பட்டதால் நாயர் தோற்றார். நட்டஈடு 500 பவுண். இதை எழுதும்போது அடைமொழி எதுவும் வேண்டாம். 11, 1 என்ற இரண்டு எண்களை மட்டும் வையுங்கள்.

இரண்டாவது 1946. முந்திய ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில், ஜூன் 16 அன்று, நியூவார்க் சந்தைத் திடலில் லஸ்கி பேசினார். கூட்டத்திலிருந்து ஒருவர் வன்முறைப் புரட்சி பற்றிக் கேள்வி தொடுத்தார். லஸ்கி தந்த பதிலை, தேவையானால் வன்முறையையும் பயன்படுத்துவோம் என்றாகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவர் வழக்குப் போட்டார். பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு முன்னிலையில், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சேர் பற்றிக் ஹேஸ்டிங்ஸ் இருபது வருட எழுத்துகளை எடுத்து வரி வரியாக வாசித்துக் குறுக்குவிசாரணை செய்தார். வகுப்பறையில் "இப்படி நடக்கக்கூடும்" என்று எச்சரித்து எழுதியவை, சாட்சிக்கூண்டில் "இப்படி நடக்க வேண்டும்" என்றதாக ஒலித்தன. லஸ்கி தோற்றார், வழக்குச் செலவும் தலையில் விழுந்தது. நியூவார்க் என்றதும் அமெரிக்கா என்று எழுதிவிடாதீர்கள். இது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயர் ஊர்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 1945இன் கோடையை வையுங்கள். பொட்ஸ்டாம் மாநாட்டுக்குத் தொழிற் கட்சித் தலைவர் அட்லியையும் வரும்படி பிரதமர் சேர்ச்சில் அழைத்தார். அங்கே எடுக்கும் முடிவு தொழிற் கட்சியைக் கட்டுப்படுத்தாது என்று லஸ்கி அறிக்கை விட்டார். தேர்ந்தெடுக்கப்படாத ஒரு குழுத் தவிசாளர் பிரதமரை ஆட்டிவைக்கப் போகிறார் என்று சேர்ச்சில் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கட்சி 393 ஆசனங்களோடு வென்றது. ஆனாலும் லஸ்கி அறிக்கைகள் விடுவதை நிறுத்தவில்லை. ஓகஸ்ட் 20 அன்று பிரதமர் அட்லி எழுதிய கடிதத்தில், உங்கள் தரப்பில் சிறிது கால மௌனம் வரவேற்கத்தக்கது என்ற வரி இருந்தது. பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு எழுதப்பட்ட வரி அது. காட்சியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். விளக்கம் சேர்த்தால் கெட்டுவிடும்.

தமிழாக்கத்தில் கவிழ்க்கும் சொற்கள்

தொழிற் கட்சியின் "தலைவர்" லஸ்கி என்று எழுதவே கூடாது. தலைவர் அட்லி. லஸ்கி வகித்தது ஆண்டுக்கு ஆண்டு கைமாறும் தேசிய நிறைவேற்றுக் குழுவின் தவிசாளர் பதவி. நல்லவேளை, நம்மிடம் பிரதேச சபை வழியாகத் தவிசாளர் என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அவர் ஒருநாளும் பாராளுமன்ற உறுப்பினராகவோ அமைச்சராகவோ இருந்ததில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சேர்ச்சிலின் தாக்குதல் ஏன் எடுபட்டது என்று வாசகருக்கு விளங்காது.

"அரசாங்கப் பேராசிரியர்" என்றால் அரச சம்பளம் வாங்குபவர் என்று விளங்கும். அரசறிவியல் பேராசிரியர் என்றே போடுங்கள். லண்டன் ஸ்கூல் ஒஃப் இக்கொனொமிக்ஸைப் "பொருளாதாரப் பாடசாலை" ஆக்கினால் சீருடைப் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். பெயரை ஒலிபெயர்த்து, லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்று ஒருமுறை சொல்லுங்கள். மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலும் "இலக்கணப் பாடசாலை" அல்ல.

நம் பக்கத்துத் தொடர்புகள்

லங்கா சமசமாஜக் கட்சியை 1935இல் தொடங்கியவர்களில் ஒருவரும் பின்னாளில் நிதி அமைச்சருமான என். எம். பெரேரா லஸ்கியின் மாணவர். இந்தியாவின் கிருஷ்ண மேனனும், பிற்காலக் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணனும் அவரிடம் படித்தவர்களே. இவர்களோடு நேருவையும் சேர்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. நேரு படித்தது கேம்பிரிஜில். 1912இலேயே நாடு திரும்பிவிட்டார். அப்போது லஸ்கிக்கு வயது 19. பண்டாரநாயக்கா ஒக்ஸ்போர்ட். உங்கள் மூன்று நிரலுக்குப் பக்கத்தில் நான்காவதாக மாணவர் படித்த ஆண்டுகளைப் போட்டால் இந்தப் பிழை தானே வெளியே வரும்.

இன்னொரு குழப்பம் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அவரும் லஸ்கி கற்பித்த அதே நிறுவனத்தில் கற்பித்தவர்தான். ஆனால் சட்டத்துறை. 1941இல் இலங்கைக்கு வந்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர், டி. எஸ். சேனநாயக்காவின் அரசியலமைப்பு ஆலோசகர். சோல்பரி யாப்பைப் பற்றி எழுத வேண்டிய ஆள் அவர், லஸ்கியல்ல. விடைத்தாள்களில் இந்த இருவரும் ஒருவராகிப்போவது அடிக்கடி நடக்கிறது.

அளவும் கடைசி வாசிப்பும்

2000 சொல்லில் இளமைக்கு 250, அமெரிக்காவுக்கு 350, பன்மைவாதத்துக்கும் மாற்றத்துக்கும் 550, இரண்டு வழக்குக்கும் 1945க்கும் 600, மாணவர்களுக்கு 150, இறுதி ஆண்டுகளுக்கு 100 என்று வைத்தால் பொருந்தும். இறுதி ஆண்டுகளுக்குக் குறைவாகவே ஒதுக்குங்கள். 1946 வழக்கு அவரை உடைத்தது. 1949இல் நிறைவேற்றுக் குழுவை விட்டார். அடுத்த மார்ச்சில் இறந்தார். சுருங்கச் சொன்னால்தான் அந்த வேகம் வாசகருக்குத் தெரியும்.

முடித்ததும் சனசமூக நிலைய வாசிகசாலையில் இரண்டு பேரை இருத்தி உரக்க வாசியுங்கள். இருபது நிமிடம் பிடிக்கும். கேட்பவர்களில் ஒருவராவது அரசறிவியல் படிக்காதவராக இருக்கட்டும். அவர் "லஸ்கி எந்தத் தொகுதி எம்.பி.?" என்று கேட்டால், தவிசாளர் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும்.